மூச்சடக்கி நிரப்பிய குப்பி

மலை நிலையம்
மார்ச் 3

அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் தாளை வீணடிக்கப் போவதில்லை. நன்றாக இருக்கிறேன். காது மட்டும் குளிரில் உரிகிறது. இங்குள்ள இணைய இணைப்பை அளவீடுகள் அனுப்ப மட்டும்தான் தொடலாம். அதனால்தான் காகிதம். பத்து நாளைக்கு ஒருமுறை சாமான் வண்டி வரும், அதில் போகும்.

அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். காற்றை அளக்கிறேன். ஊர், சாலை, புகைபோக்கி எதன் மூச்சும் எட்டாத உச்சி இது. நாங்கள் மூன்று பேர். பொறுப்பாளர், சமையலும் சூரியத் தகடுகளும் பார்க்கும் அண்ணன், கருவிகளுக்கு நான். கம்பத்தின் தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் காற்றை இழுத்துக் கருவிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுபோக, அவ்வப்போது கண்ணாடிக் குப்பியில் கையாலும் காற்றுப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரே விதி: காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பு, மூச்சை அடக்கு, குப்பியைத் திற. நாம் விடும் மூச்சில் வெளிக்காற்றைப்போல நூறு மடங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. ஒரு வார்த்தை பேசினால் குப்பி பாழ். வாயை மூடத் தெரியாதவன் என்று வீட்டில் பேர் வாங்கியவனுக்கு வாயை மூடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். சிரித்துக்கொள்.

வந்த அன்று பொறுப்பாளர் பழைய அளவீடுகளை எல்லாம் ஒரே கோடாகத் திரையில் விரித்துக் காட்டினார். கார்பன் டை ஆக்சைடு காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்குதான். அந்த நாலு பங்கு ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது. பூமியின் வடக்குப் பாதியில் இலை துளிர்த்தால் இறங்குகிறது, உதிர்ந்து மக்கினால் ஏறுகிறது. கண்டம் கண்டமாகக் கிடக்கிற காடு மூச்சு வாங்குவதை, ஒரு கம்பத்தடியில் நாற்காலி போட்டுப் பார்க்கிறோம். எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு, அக்கா! அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. எந்த வருஷமும் போன வருஷம் இறங்கிய இடம் வரைக்கும் இறங்கவில்லை. நிலக்கரி, பெட்ரோல், சிமென்ட் சூளை என்று நாம் விட்டதெல்லாம் படிக்கட்டுப் படிக்கட்டாக மேலே போகிறது.

இப்படி வெப்பம் பிடிக்கும் வாயுக்கள் கெட்டவை இல்லை. துளியும் இல்லாவிட்டால் பூமி உறைந்த கல். தரை வெளியே விடும் வெப்பத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துத்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. நாம் போர்வைமேல் போர்வையாகப் போட்டுக்கொண்டே போகிறோம், அதுதான் கோளாறு.

இனி உன் கதைக்கு வருகிறேன். எங்கள் கருவி அளப்பதில் ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு. நோயாளியைத் தூங்க வைக்க நீ முகமூடியில் கொடுக்கும் அதே வாயு. பெரும்பகுதி உரம் கொட்டிய வயல்களிலிருந்து வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட இருநூற்றெழுபது மடங்கு வெப்பம் பிடிக்கும். நூறு வருஷத்துக்கு மேல் அழியாது. உங்கள் பெரிய சிலிண்டர் ஒன்று காலியானால், ஒரு கார் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த புகைக்குக் குறையாது. இதையெல்லாம் மொட்டைமாடிக் குழாய் வழியாக வானத்துக்கு விட்டுவிட்டு, வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லி மாமாவைத் திட்டுகிறாய்.

உங்கள் பெரிய டாக்டருக்கும் இதையே இன்னும் தெளிவாக எழுதி இதே வண்டியில் அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேலை மிச்சம்.

தம்பி


மார்ச் 19

டேய் பட்டாசு,

வேலை மிச்சமா? வேலையே மிச்சமிருக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெரிய டாக்டர் உன் கடிதத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அறுவை மருத்துவர்கள், நர்சுகள், கணக்குப் பிரிவு எல்லாரும் இருந்தார்கள். "உங்கள் துறை வானத்தை மயக்கிக்கொண்டிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் சிரித்தவர்கள் சாயங்காலம் வரைக்கும் சிரித்தார்கள். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "தம்பிங்கிறது உண்மையா, இல்ல நீங்களே எழுதி அனுப்ப வச்சீங்களா?" என்று கேட்டார். நான் மயக்க மருந்துத் துறைக்குப் பொறுப்பேற்று இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. எனக்கு எதிலாவது குறை தெரிந்தால் நேரில் சொல்லாமல் தம்பியை விட்டு மொட்டைக் கடிதம் மாதிரி எழுத வைப்பேன் என்று அந்த மனுஷன் நினைக்கிறார். அதை எப்படித் துடைப்பேன்?

உனக்குக் கருவி தெரியும். மேஜைமேல் படுத்திருக்கிற ஆளைத் தெரியாது. அவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வலிக்குமா என்றுகூட இல்லை, நடுவில் முழித்துக்கொள்வேனா என்று. வயிறு திறந்திருக்கும்போது, கை கால் அசைக்க முடியாமல், காது மட்டும் கேட்டபடி ஒருத்தர் விழித்துவிடுவதுதான் என் பிழைப்பில் இருக்கிற பெரிய பயம். அப்படி விழிக்காமல் பார்த்துக்கொள்ள என்னிடம் இருப்பவற்றில் ஒன்று இந்த வாயு. அவர்களிடம் போய், "கொஞ்சம் பொறுத்துக்குங்க, மேல என் தம்பி குப்பி வச்சிக்கிட்டு நிக்கிறான்" என்று சொல்லட்டுமா?

மாமா உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டு விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டார், என்னைப் பழிவாங்க.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

அக்கா


மலை நிலையம்
ஏப்ரல் 8

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஒரு செய்தி சொல்லியே ஆக வேண்டும்.

உன் கடிதத்தை வண்டிக்காரரிடம் வாங்கி அங்கேயே நின்று பிரித்தேன். அந்த இடம் கம்பத்துக்கு நேர் கீழே. அன்றைக்குக் காற்றும் அசையவில்லை. படிக்கப் படிக்க எனக்குக் கோபம் ஏறியது. "வானத்தை மயக்கிக்கொண்டிருக்கிறது" என்பது எவ்வளவு சரியான வாக்கியம், அதற்குப் போய்ச் சிரிப்பதா என்று வாய்விட்டே கத்தினேன். மொட்டைக் கடிதம் என்ற இடம் வந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

உள்ளே போனால் பொறுப்பாளர் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பச்சைக் கோடு நேராக வந்து, திடீரென்று ஊசி மாதிரி மேலே குத்தி, மறுபடி நேராகப் போகிறது. "இது எந்த எரிமலை தம்பி?" என்று கேட்டார். கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் 'மனித மூச்சு, கணக்கில் சேராது' என்று நானே குறிப்புப் போட்டேன். உலகக் காற்றின் வரலாற்றில் என் கோபம் ஒரு கறையாக நிற்கிறது. சமையல் அண்ணன் அதற்கு உன் பேரைத்தான் வைத்திருக்கிறார். அக்கா ஊசி.

இப்போது கேள். பெரிய டாக்டருக்கு உன்னைத் தாண்டி எழுதியது தப்பு. இரண்டு வரியில் அவருக்கு எழுதி இதோடு வைத்திருக்கிறேன்: என் அக்காவுக்கு இது தெரியாது, நான்தான் அவசரக்குடுக்கை. உறையை ஒட்டவில்லை. படித்துப் பார்த்துவிட்டுக் கொடு, அல்லது கிழித்துப் போடு.

நோயாளி விழிப்பதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதில் நான் வாய் திறக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு கேள்வி. கருவிக்காரன் கேட்கும் கேள்விதான். ஒரு மாதத்தில் நோயாளிகள் உள்ளே இழுக்கும் வாயு எவ்வளவு? அதே மாதத்தில் எத்தனை சிலிண்டர் மாற்றுகிறார்கள்? இரண்டும் பொருந்துகின்றனவா?

தம்பி


மே 2

தம்பி,

பொருந்தவில்லை.

முதலில் உன் கேள்வியே எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஆபரேஷன் தியேட்டரில் நின்று யோசித்தேன். புது மருந்துகள் வந்தபிறகு எங்களில் பாதிப் பேர் அந்த வாயுவைத் தொடுவதே இல்லை. நானே எப்போதாவதுதான், ஊசிக்கு அலறுகிற குழந்தைகளுக்கு. ஆனால் கீழே சிலிண்டர் அறையில் வாரம் தவறாமல் ஒன்று மாற்றுகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சிலிண்டர் என்றால் காலியாகும், மாற்றுவோம், அவ்வளவுதான்.

அறுவை எதுவும் இல்லாத ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து, பராமரிப்புக்காரரை அழைத்துக்கொண்டு போய் சிலிண்டர் பக்கத்து வால்வை மூடினோம். மேலே ஒரு நோயாளி இல்லை, ஒரு முகமூடி திறந்திருக்கவில்லை. சிலிண்டர் அறையிலிருந்து தியேட்டர்களுக்குச் சுவருக்குள் ஓடும் குழாயில் அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். முக்காலி போட்டு உட்கார்ந்து அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தேன். அது இறங்கியது. அவசரமே இல்லாமல், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிற மாதிரி இறங்கியது. மத்தியானத்துக்குள் சுழியத்தில் உட்கார்ந்துவிட்டது. சுவர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். இங்கே ஒரு குமிழி, அங்கே ஒரு குமிழி. மீதி எல்லாம் கூரைக்கும் சுவருக்கும் உள்ளே, கட்டடத்தை உடைத்தால்தான் தெரியும். பராமரிப்புக்காரர் குமிழியைப் பார்த்து, "நம்ம கட்டடமே மூச்சு விடுது மேடம்" என்றார். உன்னிடம் அதை அப்போதே சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

உன் மன்னிப்புக் கடிதத்தைக் கொடுத்தேன். பெரிய டாக்டர் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பையன் சுருக்கமாவும் எழுதுவான்போல" என்றார். அப்புறம் முள் விழுந்ததைச் சொன்னேன். குழாயை மொத்தமாக மூடிவிடலாம், தேவைப்படுகிறவர்களுக்குச் சின்ன சிலிண்டரைக் கருவியிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்றேன். குழாய் போட்ட நாளில் அவர் இளம் மருத்துவர், அதைத் திறந்து வைத்தவர்களில் ஒருவர். கடைசியில் சொன்னார்: "மூடுங்க. ஆனா ஒரு நோயாளி, ஒரே ஒரு நோயாளி நடுவுல முழிச்சாருன்னா, துறையை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

இன்னும் மூடவில்லை. பழக்கமாக அந்த வாயுவைத் திருப்புகிற மூத்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். கையை நீட்டும்போது அது வராவிட்டால் அந்த ஒரு நொடியில் என்ன செய்வார்கள்? வால்வைப் பூட்டும் சாவி என் மேஜையில்தான் இருக்கிறது.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நாலு வருஷத்துக்கு முன் அம்மாவுக்குக் கட்டி எடுத்தது இதே தியேட்டரில்தான். நீ பரீட்சையில் இருந்தாய். சொந்த அம்மாவுக்கு நான் மருந்து கொடுக்கக் கூடாது. என் சீனியர் கொடுத்தார், நான் தலைமாட்டில் நின்றேன். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னேன். "ஏன், உனக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். ஏழில் தூங்கிவிட்டாள். மூன்று மணி நேரம், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் இந்த வாயுதான் ஓடியது. உடம்பு அதைச் செரிக்காது. உள்ளே போனது போனபடியே மூச்சில் வெளியே வந்து மாடிக் குழாயில் போய்விடும். அழியாது என்று வேறு எழுதியிருந்தாய். போன வருஷம் அம்மா போய்விட்டாள். அது எங்கே இருக்கும்?

அக்கா


மலை நிலையம்
மே 21

அக்கா,

வண்டி திரும்புவதற்குள் பதில் எழுதிவிட முடியவில்லை. எனக்கு இது புதுசு.

உன் கேள்விக்குக் கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு மூன்று லிட்டர், மூன்று மணி நேரம், ஐந்நூற்று நாற்பது லிட்டர். அம்மாவின் நுரையீரலுக்குள் போய்த் திரும்பிய வாயு. காற்று ஓரிரண்டு வருஷத்தில் உலகம் முழுக்கக் கலந்துவிடும், எல்லைச் சாவடி எதுவும் கிடையாது. நாலு வருஷத்தில் நன்றாகவே கலந்திருக்கும். பூமியைச் சுற்றி இருக்கிற மொத்தக் காற்றால் வகுத்தேன். பிறகு என் குப்பியின் கொள்ளளவால் பெருக்கினேன்.

விடை தப்பு என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் தனியாகப் போட்டுப் பார்த்து, பென்சிலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சுமார் இரண்டாயிரம்.

இந்த மலையில் நான் நிரப்பும் ஒவ்வொரு லிட்டர் குப்பியிலும், அம்மா அன்று வெளியே விட்ட மூலக்கூறுகள் ஏறக்குறைய இரண்டாயிரம் இருக்கின்றன. நேற்று நிரப்பியதிலும் இருந்தன. நீ விடும் ஒவ்வொரு மூச்சிலும் ஆயிரம் போய் வருகிறது. மாமா மூச்சிலும். நமக்கு யாரென்றே தெரியாத, கடலுக்கு அந்தப் பக்கம் இப்போது பிறந்து முதல் அழுகை அழுகிற குழந்தையின் மூச்சில்கூட, அதன் சின்ன நுரையீரலுக்கு ஏற்ற அளவு. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உனக்கே தெரியும். வெறும் வகுத்தல், பெருக்கல். அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டது. இத்தனை மாதமாக அந்தக் காற்றை எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியையும் சொல்லாவிட்டால் நான் நானில்லை. அந்த இரண்டாயிரமும் சும்மா இருக்கவில்லை. ராத்திரி பகலாக, தரை மேலே அனுப்புகிற வெப்பத்தைப் பிடித்துக் கீழே திருப்பிக்கொண்டிருக்கின்றன. அம்மாவிடமிருந்து வந்தோம் என்று அவற்றுக்குத் தெரியாது. நம் பேரப்பிள்ளைகள் கிழவர்களான பிறகும் ஏறக்குறைய பாதி இருந்து இதையே செய்யும். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்தது அம்மாவுக்காக. அதில் ஒரு லிட்டரைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தர் வலியிலும் சேராமல், சுவருக்குள்ளிருந்து நேராக வானத்துக்குப் போகிறதே, அது யாருக்காக?

மூடு என்று சொல்ல வாய் துடிக்கிறது. சொல்லவில்லை. மேஜைமேல் படுத்திருப்பவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தம்பி


ஜூன் 20

தம்பி,

மூடிவிட்டேன்.

உன் கடிதம் வந்த வாரமே மூடவில்லை. முதலில் மூத்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன். அவர்கள் கை பழகிய இடத்திலேயே சின்ன சிலிண்டரைப் பொருத்தி, அதைத் திருப்பிப் பார்க்க வைத்தேன். ஒருவர் மட்டும், "உங்க தம்பி சொன்னா நாங்க ஆடணுமா?" என்றார். "தம்பி சொல்லல டாக்டர், முள்ளு சொல்லுது" என்று முக்காலியில் உட்கார வைத்து அது இறங்குவதைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவரே வந்து சிலிண்டரைப் பொருத்தச் சொன்னார்.

வால்வை மூடிச் சாவியைத் திருப்பிய அன்று முதல் நோயாளி ஒரு பஸ் டிரைவர். பித்தப்பை. பெரிய மீசை. அவரும் கேட்டார்: "நடுவுல முழிச்சிடுவேனா?" எத்தனையோ வருஷமாக இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு "உங்க பக்கத்துலயே இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன். முடியும்வரை அவர் முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. கண்ணிமை ஒரு தடவை துடித்ததற்கு எனக்கு உயிர் போய் வந்தது. ஒன்றுமில்லை. தையல் போட்டு முடித்து எழுப்பினோம். கண்ணைத் திறந்து என்னை முறைத்து, "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

இரண்டு வாரமாகிறது. யாரும் விழிக்கவில்லை. சிலிண்டர் அறையில் எதையும் மாற்றவில்லை.

ஒன்று கேள். மூடிய மறுநாள் தியேட்டரில் எல்லாரும் மெல்லப் பேச ஆரம்பித்தோம். ஏனென்று தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது, ஒரு சத்தம் குறைந்திருந்தது. கூரைக்கு மேலே எப்போதும் ஸ்ஸ் என்று ஒரு மெல்லிய இரைச்சல் இருந்திருக்கிறது. அதுதான் அமைதி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். பெரிய டாக்டர் வந்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். "இத்தனை வருஷமா யாருக்கு மயக்கம் குடுத்துக்கிட்டிருந்தோம்?" என்றார். உன் வாக்கியம் அவருக்கே ஞாபகம் வந்திருக்கும்.

உன் இரண்டாயிரத்தை யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூட. மூச்சு விடும்போது சில சமயம் ஞாபகம் வந்துவிடுகிறது, கையில் இருக்கிற வேலை நின்றுபோகிறது.

எனக்காக ஒரே ஒரு குப்பி எடு. வாயை மூடிக்கொண்டு.

அக்கா


மலை நிலையம்
ஜூலை 4

அக்கா,

எடுத்தேன்.

முதலில் உண்மை. நீ மூடியது எங்கள் கோட்டில் தெரியாது. எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. இந்த வருஷத்து நைட்ரஸ் ஆக்சைடு போன வருஷத்தைவிடக் கூடத்தான் இருக்கும். வயல்கள் இருக்கின்றன, ஆலைகள் இருக்கின்றன, உன்னுடையதைப்போல மூச்சு விடும் கட்டடங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் வாரம் ஒரு சிலிண்டர் மேலே வரவில்லை. ஒரு சிலிண்டருக்கு என் குப்பியில் ஐம்பது அறுபதாயிரம் மூலக்கூறுகள் என்று கணக்கு. வராததைக் கருவி அளக்காது, நான் அளந்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை வானம் துடைத்த மாதிரி இருந்தது. காற்று நேராக முகத்தில் அடித்தது, யாரையும் தொடாமல் வந்த காற்று. குப்பியைத் தலைக்கு மேலே பிடித்து, ஆழமாக இழுத்து, அடக்கினேன். மூடியைத் திறந்தேன். நேரம் பார்க்கக் கடிகாரம் கட்டியிருந்தேன், பார்க்கவில்லை. பத்திலிருந்து பின்னோக்கி எண்ணினேன். ஏழு வந்தது. அங்கே கொஞ்சம் நின்றேன். பிறகு ஆறு, ஐந்து என்று மிச்சத்தை நான் எண்ணி முடித்தேன்.

மூடியைத் திருகிவிட்டுக் காற்று போகும் பக்கமாக நடந்துபோய்த்தான் மூச்சை விட்டேன். கோட்டில் ஊசி எதுவும் இல்லை. பொறுப்பாளர் பார்த்துவிட்டு, சுத்தமான குப்பி என்றார்.

எனக்கு எவ்வளவோ பேச வேண்டும்போல் இருந்தது, அக்கா. வாயே திறக்கவில்லை.

தம்பி